பொட்டோமாக் ஓத ஆற்றில் பாஸ் மீன்பிடிப்பு

பொட்டோமாக் ஓத ஆற்றில் பாஸ் மீன்பிடிப்பு என்பது, ஐக்கிய அமெரிக்காவின் பொட்டோமாக் ஆற்றில் கடல் ஓதத்துக்கு உட்பட்ட நன்னீர்ப் பகுதியில், தூண்டில் கொண்டு பெருவாய் பாஸ் மீனைப் பிடிக்கும் பொழுதுபோக்கும் போட்டி விளையாட்டும் ஆகும். தலைநகர் வாஷிங்டன், டி. சி. நகரில் தொடங்கி மேரிலாந்து, வர்ஜீனியா மாநிலங்களின் கரைகளை ஒட்டி இது நடைபெறுகிறது. ஏரிகளிலும் அணைத் தேக்கங்களிலும் நடக்கும் பாஸ் மீன்பிடிப்பிலிருந்து இது அடிப்படையில் வேறுபடுகிறது. அங்கே நீர்மட்டம் பல நாட்களுக்கு ஒரே அளவில் நிற்கும். இங்கே நாளொன்றுக்கு இருமுறை ஏறி இருமுறை வற்றுகிறது. காலையில் மீன் கிடைத்த இடம் நண்பகலில் சேறாகக் கிடக்கலாம்.

பெயர்

ஆங்கிலத்தில் பாஸ் என்னும் சொல் ஒன்றோடொன்று நெருங்கிய உறவில்லாத பல மீன்களைக் குறிக்கிறது. தமிழகக் கடற்கரையிலும் கழிமுகங்களிலும் பிடிபடும் கொடுவா மீனும் ஆங்கிலத்தில் ஆசியக் கடல் பாஸ் எனப்படுகிறது. ஆனால் இக்கட்டுரையில் குறிப்பிடப்படும் பெருவாய் பாஸ் வட அமெரிக்காவைத் தாயகமாகக் கொண்ட நன்னீர் மீன். மேல்தாடை கண்ணின் பின்விளிம்பையும் தாண்டி நீள்வதால் இப்பெயர் பெற்றது. இதன் அறிவியல் பெயர் நெடுங்காலம் மைக்ராப்டெரஸ் சால்மாய்டெஸ் என வழங்கியது. 2022 ஆம் ஆண்டு வெளியான மரபணு ஆய்வைத் தொடர்ந்து அப்பெயர் புளோரிடா பாஸ் இனத்துக்கு உரியதாகக் கொள்ளப்பட்டு, பெருவாய் பாஸுக்கு மைக்ராப்டெரஸ் நைக்ரிகன்ஸ் என்னும் பெயர் மீட்கப்பட்டது.

கோடுடைய பாஸ் என்னும் வேறொரு மீனும் இதே ஆற்றில் உண்டு. அது கடலில் வாழ்ந்து இளவேனிலில் முட்டையிட ஆற்றுக்குள் ஏறி வருவது. அதற்கான மீன்பிடிப்பும் சட்டங்களும் தனியானவை.

ஆறும் ஓதமும்

பொட்டோமாக் ஆறு அப்பலாச்சிய மலைகளில் தோன்றி, 600 கி.மீ.க்கும் மேல் பாய்ந்து செசபீக் விரிகுடாவில் கலக்கிறது. வாஷிங்டனுக்குச் சற்று மேலே உள்ள சிற்றருவி எனப் பொருள்படும் லிட்டில் பால்ஸ் என்னும் பாறைச் சரிவு வரை கடல் ஓதம் எட்டுகிறது. அங்கிருந்து முகத்துவாரம் வரை ஏறத்தாழ 180 கி.மீ. நீளம் ஓத ஆறு ஆகும். இதனை உப்புத்தன்மையைக் கொண்டு மூன்றாகப் பிரிப்பர்.

1. ஓத நன்னீர்ப் பகுதி: வாஷிங்டன் முதல் குவாண்டிக்கோ வரை.
2. மாறுநிலைப் பகுதி: குவாண்டிக்கோவுக்குக் கீழே, நன்னீரும் உவர்நீரும் கலக்கும் இடம்.
3. உவர் கழிமுகம்: அதற்கும் கீழே விரிகுடா வரை.

பெருவாய் பாஸ் முதன்மையாக முதற்பகுதியிலும், இரண்டாம் பகுதியின் ஓடைகளிலும் வாழ்கிறது. மேரிலாந்து கரையில் பிஸ்காட்டவே, மாட்டவோமன், சிக்கமக்சன், நாஞ்செமாய் ஓடைகளும், வர்ஜீனியா கரையில் டோக், போகிக், அக்கோட்டிங்க், ஆக்கோக்குவான், அக்வியா ஓடைகளும் பெயர் பெற்ற மீன்பிடி இடங்கள். முதல் உலகப் போர்க் காலத்து மரக் கப்பல்கள் நூற்றுக்கு மேல் மூழ்கிக் கிடக்கும் மாலோஸ் விரிகுடாவும் இப்பகுதியில் உள்ளது. இது 2019 ஆம் ஆண்டு தேசியக் கடல்சார் காப்பகமாக அறிவிக்கப்பட்டது.

இங்கு ஓதம் ஏறத்தாழ 24 மணி 50 நிமிடங்களில் இருமுறை ஏறி இருமுறை வற்றுகிறது. ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் இடையிலான வேறுபாடு வாஷிங்டனில் சராசரியாக 0.9 மீட்டருக்குச் சற்றுக் குறைவு. ஆற்றின் நடுப்பகுதியில் இது இன்னும் சிறியது. இவ்வளவு சிறிய வேறுபாடு எளிதாகத் தோன்றலாம். ஆயினும் ஓடைகளின் ஆழமே பல இடங்களில் ஒன்று அல்லது ஒன்றரை மீட்டர்தான் என்பதால், நீரின் பரப்பும் மீனின் வாழிடமும் ஒவ்வோர் ஆறு மணி நேரத்திலும் பெரிதும் மாறிவிடுகின்றன.

ஓத அலை முகத்துவாரத்திலிருந்து மேல்நோக்கி நகர்ந்து வாஷிங்டனை அடையப் பல மணி நேரம் ஆகிறது. எனவே கீழ் ஓடை ஒன்றில் நீர் வற்றி முடியும்போது, மேலேயுள்ள ஓடைகளில் வற்றம் இன்னும் நடந்துகொண்டிருக்கும். விசைப்படகு வைத்திருப்போர் இதனைப் பயன்படுத்தி, தமக்கு வேண்டிய ஓத நிலையைத் தொடர்ந்தபடி மேல்நோக்கிச் செல்வது உண்டு.

மீனின் வருகையும் நீர்த்தாவரங்களின் வரலாறும்

பெருவாய் பாஸ் இவ்வாற்றின் தொல்மீன் அன்று. அதன் உறவான சிறுவாய் பாஸ் 1854 ஆம் ஆண்டு ஓஹைய்யோ ஆற்றுப் படுகையிலிருந்து தொடர்வண்டிப் பொறியின் தண்ணீர்த் தொட்டியில் கொண்டுவரப்பட்டுக் கம்பர்லாந்து அருகே விடப்பட்டது. பெருவாய் பாஸும் 19 ஆம் நூற்றாண்டிலேயே கொண்டுவந்து விடப்பட்ட மீனாகும்.

20 ஆம் நூற்றாண்டின் முற்பாதியில் ஓத ஆற்றின் அடித்தாவரப் படுகைகள் பெரும்பாலும் அழிந்தன. நகர்க் கழிவுநீர் மிகுந்து, 1950களிலும் 1960களிலும் கோடைதோறும் நீலப்பச்சைப் பாசி ஆற்றை மூடியது. 1965 ஆம் ஆண்டு குடியரசுத் தலைவர் லிண்டன் ஜான்சன் ஆற்றைத் தூய்மைப்படுத்த உறுதியளித்தார். 1972 ஆம் ஆண்டின் தூய நீர்ச் சட்டம், புளூ பிளெய்ன்ஸ் கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையத்தின் மேம்பாடு, 1980களின் பிற்பாதியில் பாஸ்பேட் சலவைத்தூள்களுக்கு வந்த தடை ஆகியவற்றால் நீர் படிப்படியாகத் தெளிந்தது.

1982 ஆம் ஆண்டு ஹைட்ரில்லா என்னும் நீர்த்தாவரம் ஆற்றில் கண்டறியப்பட்டது. தமிழகப் பள்ளி ஆய்வகங்களில் ஒளிச்சேர்க்கைச் சோதனைக்கு, புனலுக்கும் சோதனைக் குழாய்க்கும் அடியில் வைக்கப்படும் அதே செடிதான் இது. அமெரிக்காவில் இது ஊடுருவிய களை. படகுத்துறைகளையும் ஓடைகளையும் அடைத்ததால் 1980களின் பிற்பகுதியில் இயந்திரங்களைக் கொண்டு அறுத்து அகற்றப்பட்டது. அதேவேளை, அதன் அடர்ந்த படுகைகள் கலங்கலைப் படியச் செய்து நீரைத் தெளிவித்தன; வாலிஸ்நேரியா போன்ற உள்நாட்டுத் தாவரங்களும் மீண்டும் பெருகின. குஞ்சு மீன்களுக்குப் புகலிடமும் இரையும் கிடைத்தன. 1980களின் இறுதியிலும் 1990களிலும் இவ்வாறு நாடறிந்த பாஸ் மீன்பிடி இடமாயிற்று. களை எனக் கருதப்பட்ட ஒன்றை அழிக்க வேண்டும் என்ற படகுக்காரர்களுக்கும், விட்டுவைக்க வேண்டும் என்ற மீன்பிடிப்போருக்கும் இடையே அக்காலத்தில் கருத்து வேறுபாடு எழுந்தது.

ஊட்டச்சத்துக் கழிவுகள் குறைந்ததற்கும், தாவரப் பரப்பும் வகையும் பெருகியதற்கும் உள்ள தொடர்பை 2010 ஆம் ஆண்டு வெளியான நீண்டகால ஆய்வு ஒன்று உறுதிப்படுத்தியது. எனினும் இப்படுகைகள் நிலையானவை அல்ல. 1972 ஆம் ஆண்டின் ஆக்னஸ் சூறாவளி செசபீக் பகுதி முழுவதும் நீர்த்தாவரங்களை அழித்தது. 2018 ஆம் ஆண்டின் மிகு மழைக்குப் பின்னும் தாவரப் பரப்பு சுருங்கியது. தாவரம் சுருங்கும் ஆண்டுகளில் பாஸ் குஞ்சுகள் பிழைப்பதும் குறைகிறது.

ஓத நிலைகளும் மீனின் நடத்தையும்

பாஸ் பதுங்கியிருந்து தாக்கும் வேட்டை மீன். ஓடும் நீரில் தலையை நீரோட்டத்துக்கு எதிரே வைத்து, கட்டை, தூண், செடி ஆகியவற்றின் மறைவில் நின்று, நீர் கொண்டுவரும் இரைக்காகக் காத்திருக்கும். ஆகவே ஓத ஆற்றில் நீரின் அளவைவிட நீரின் அசைவே முதன்மையாகக் கருதப்படுகிறது.

உச்ச ஏற்றம்: நீர் கரையோரச் செடிகளுக்குள்ளும் சதுப்பு நிலத்துக்குள்ளும் பரவுகிறது. மீன்களும் அதனுடன் பரவிவிடுவதால் தேடிக் காண்பது கடினம். படகுத்துறைத் தூண்கள், சாய்ந்த மரங்கள், கரையோரக் கோரைகள் முதலியவற்றின் அருகில் தூண்டில் இடுவர்.

வற்றும் ஓதம்: பலரும் விரும்பும் நேரம் இது. சதுப்பிலிருந்து வடியும் நீர், சிறு மீன்களையும் நண்டு, இறால் போன்றவற்றையும் வாய்க்கால் வாய்களில் கொண்டுவந்து சேர்க்கிறது. பாஸ் அங்கே வந்து நிற்கும். செடிப் படுகையின் வெளிவிளிம்பும் நல்ல இடமாகிறது.

தாழ் வற்றம்: ஆழம் குறைந்த இடங்களில் நிற்க இயலாத மீன்கள் ஓடையின் ஆழ்வழிகளிலும், செடிகளின் புறவிளிம்பிலும், மூழ்கிய கட்டைகளிலும் நெருங்கிக் கூடுகின்றன. இடம் அறிந்தவருக்கு மிகுந்த பலன் தரும் நேரம் இது. ஆற்றின் அடி அமைப்பைக் கண்ணால் கண்டு நினைவில் வைத்துக்கொள்ளவும் இந்நேரம் உதவுகிறது.

நீர் நின்ற நிலை: ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் இடையே நீரோட்டம் ஓய்கிறது. மீன் மறைவிடத்தை விட்டு விலகிச் சோம்பியிருக்கும். இந்நேரத்தில் இரையை மிக மெதுவாக அசைப்பதோ, நீர் ஓடும் வேறிடத்துக்குச் செல்வதோ வழக்கம்.

ஏறும் ஓதம்: ஓட்டம் மீண்டும் தொடங்கியவுடன் மீன்கள் இரைதேடி மேலே நகரத் தொடங்கும். கோடையில் ஆற்றின் நடுவிலிருந்து வரும் சற்றுக் குளிர்ந்த நீர் ஓடைகளுக்குள் புகுவது கூடுதல் நன்மை.

மாறும் சூழல்

ஓத அட்டவணை, சூரிய சந்திர ஈர்ப்பை மட்டுமே கணக்கிட்டு முன்கூட்டியே தரப்படுவது. உண்மை நீர்மட்டம் அதனின்று விலகப் பின்வரும் காரணங்கள் உள்ளன.

காற்று: வடமேற்குக் காற்று பலமாக வீசினால் விரிகுடாவிலிருந்தும் ஆற்றிலிருந்தும் நீர் வெளியே தள்ளப்படும். அட்டவணையில் குறித்த ஏற்றம் வராமலே போகலாம். ஓடைகளில் படகுகள் தரைதட்டும். தெற்கு, தென்கிழக்குக் காற்று இதற்கு மாறாக நீரை உள்ளே குவிக்கும். வற்ற வேண்டிய நேரத்திலும் நீர் வற்றாது. குளிர் காற்றுமுகம் கடந்த மறுநாள், வானம் தெளிந்து வடமேற்குக் காற்று வீசும்போது, நீர்மட்டத் தாழ்வும் மீனின் மந்தமும் ஒருங்கே நேர்கின்றன.

மழை: அருகில் பெய்த மழை ஓடைகளை உடனே கலக்கி, ஓரிரு நாட்களில் தெளிய விடும். மலைப்பகுதியில் பெய்த மழை பின்னரே வந்து சேர்ந்து ஆற்றின் நடுப்பகுதியைக் கலக்கும். ஆகவே ஆறு கலங்கும்போது ஓடையையும், ஓடை கலங்கும்போது ஆற்றையும் நாடுவர். லிட்டில் பால்ஸில் ஆற்றின் சராசரி நீர்வரத்து வினாடிக்கு 300 கன மீட்டருக்குச் சற்று மேல். 1936 ஆம் ஆண்டு மார்ச்சு வெள்ளத்தில் அது 13,000 கன மீட்டரைத் தாண்டியது. பெருவெள்ளத்தின்போது மேற்பகுதியில் ஏற்ற ஓதத்தின் எதிரோட்டம் தோன்றாமல், நீர் ஒரே திசையில் கீழ்நோக்கியே ஓடும்.

உப்பு: வறண்ட ஆண்டுகளில் உவர்நீர் ஆற்றில் மேலேறுகிறது. பெருவாய் பாஸ் சிறிதளவு உப்பைத் தாங்கும். எனினும் உப்பு மிகும்போது கீழ் ஓடைகளை விட்டு ஓடையின் தலைப்பகுதிக்கோ ஆற்றின் மேற்பகுதிக்கோ நகர்கிறது.

கடல் மட்டம்: வாஷிங்டனில் 1924 ஆம் ஆண்டு முதல் நீர்மட்டம் அளக்கப்படுகிறது. அப்பதிவுகளின்படி ஆண்டுக்கு 3 மி.மீ.க்கு மேல் உயர்வு காணப்படுகிறது. கடல் உயர்வதும் நிலம் மெல்லத் தாழ்வதும் சேர்ந்த விளைவு இது. கரையோரச் சதுப்புகள் இதனால் சுருங்கக்கூடும்.

பருவங்கள்

இளவேனில்: நீரின் வெப்பம் 16 முதல் 20 பாகை செல்சியசை எட்டும் ஏப்பிரல், மே மாதங்களில் பாஸ் முட்டையிடுகிறது. ஆண் மீன் காற்று படாத ஓடை மூலைகளில் கடினமான தரையைத் துடுப்பால் துடைத்துக் கூடு அமைத்து, முட்டைகளையும் குஞ்சுகளையும் காக்கிறது. வற்றத்திலும் நீர் எஞ்சியிருக்கும் ஆழத்தில் கூடு அமைந்தால்தான் அது பிழைக்கும். பல நாள் காற்றினால் நீர்மட்டம் தாழ்ந்தால் கூடுகள் பாழாகும்.

கோடை: செடிகள் வளர்ந்து, தாழ் வற்றத்தில் நீர்மேல் பாய் விரித்தாற்போலக் கிடக்கும். விடியலிலும் அந்தியிலும், செடிப்பாயின் இடைவெளிகளில் மீன் கிடைக்கும்.

இலையுதிர் காலம்: செடிகள் அழியத் தொடங்கும். பசுமை எஞ்சிய படுகைகளிலும் கட்டைகளிலும் மீன் கூடும்.

குளிர்காலம்: ஆழமான குழிகளிலும், சுத்திகரிப்பு நிலையங்கள் வெளியேற்றும் வெதுவெதுப்பான நீரின் அருகிலும் மீன் தங்கும்.

கருவிகள்

பெரும்பாலும் செயற்கை இரைகளே பயன்படுத்தப்படுகின்றன. மென்னெகிழிப் புழு, ஈயத்தலைத் தூண்டில், சுழலும் தகடு கோத்த இரை, நீருள் மூழ்கி ஓடும் மீன்வடிவ இரை, செடிப்பாயின் மேல் இழுக்கப்படும் பொய்த் தவளை ஆகியவை பொதுவானவை. தெளிந்த நீரில் சிறியனவும் இயல்பு நிறத்தனவும், கலங்கிய நீரில் அதிர்வு தருவனவும் அடர்நிறத்தனவும் தேர்ந்தெடுக்கப்படுகின்றன. அடர்ந்த செடிகளில் பின்னல் நரம்பும் வலுவான கோலும் தேவை. படகில் தரையாழம் காட்டும் ஒலிக்கருவியும், ஓசையின்றி நகர மின்விசைப் பொறியும் இருக்கும்.

புதிய உயிரினங்கள்

2002 ஆம் ஆண்டு மேரிலாந்தின் குரோப்டன் நகரக் குளம் ஒன்றில் வடக்கு விரால் கண்டறியப்பட்டு, குளம் மருந்திட்டு அழிக்கப்பட்டது. 2004 ஆம் ஆண்டு பொட்டோமாக் ஓத ஆற்றிலேயே அது பிடிபட்டது. இது தமிழர் விரும்பி உண்ணும் விராலின் இனத்தைச் சேர்ந்த, கிழக்காசியாவைத் தாயகமாகக் கொண்ட மீன். பாஸ் வாழும் அதே செடிப் படுகைகளில் வாழ்ந்து, ஒத்த இரையை உண்பதால் பாஸ் அழிந்துவிடும் என்ற அச்சம் எழுந்தது. இரண்டும் அதே ஓடைகளில் இன்றும் பிடிபடுகின்றன. ஆயினும் பாஸின் மீது விராலின் தாக்கம் தொடர்ந்து கண்காணிக்கப்படுகிறது. உயிருடன் விராலை வைத்திருத்தல் சட்டப்படி குற்றம். பிடித்தவர் கொன்றுவிடுமாறு அறிவுறுத்தப்படுகிறார். மக்கள் அதனை உண்ண ஊக்குவிக்க, 2024 ஆம் ஆண்டு மேரிலாந்து மாநிலம் செசபீக் சன்னா என்னும் புதிய பெயரைச் சட்டமாக்கியது.

வர்ஜீனியாவின் பிற ஓத ஆறுகளில் 1970கள், 1980களில் விடப்பட்ட நீலக் கெளுத்தியும் பின்னர் பொட்டோமாக்கில் பெருகியுள்ளது.

ஆட்சி எல்லையும் சட்டமும்

1632 ஆம் ஆண்டின் அரச பட்டயத்தின் வழி, வர்ஜீனியா கரை வரையிலான ஆறு மேரிலாந்துக்கு உரியதாயிற்று. 1785 ஆம் ஆண்டு உடன்பாடு இரு மாநிலத்தாருக்கும் மீன்பிடி உரிமையை உறுதிசெய்தது. 1958 ஆம் ஆண்டு உடன்படிக்கையின் வழி அமைந்த பொட்டோமாக் ஆற்று மீன்வள ஆணையம், தலைநகர எல்லைக்குக் கீழே உள்ள முதன்மை ஆற்றின் மீன்வளத்தை நிர்வகிக்கிறது. தலைநகர எல்லைக்குள் மீன்பிடிக்கத் தனி உரிமம் வேண்டும். மேரிலாந்து ஓத நீரில் மார்ச்சு 1 முதல் சூன் 15 வரை 15 அங்குலத்துக்கும் (38 செ.மீ.), மற்ற காலத்தில் 12 அங்குலத்துக்கும் (30 செ.மீ.) குறைந்த பாஸை வைத்துக்கொள்ளுதல் கூடாது. ஒருவருக்கு நாளொன்றுக்கு ஐந்து மீன் என்பது வரம்பு.

போட்டிகளும் மீன்வளப் பாதுகாப்பும்

மாட்டவோமன் ஓடையில் உள்ள ஸ்மால்வுட் மாநிலப் பூங்கா போட்டிகளின் முதன்மைத் துறை. 2016 ஆம் ஆண்டு ஆகத்து மாதத்தில் பாஸ்மாஸ்டர் உயர்நிலைத் தொடரின் ஒரு சுற்று இங்கு நடந்தது. போட்டியில் பிடிபடும் மீன்கள் படகின் நீர்த்தொட்டியில் உயிருடன் வைக்கப்பட்டு, எடை பார்த்தபின் விடப்படுகின்றன.

இம்முறையிலும் சிக்கல்கள் உள்ளன. கோடை வெப்பத்தில் தொட்டி நீரில் உயிர்வளி குறைந்து, விடப்பட்ட மீன்களில் ஒரு பகுதி பின்னர் இறக்கிறது. பல ஓடைகளில் பிடித்த மீன்கள் ஒரே துறையில் விடப்படுகின்றன. செசபீக் விரிகுடாவின் வடபகுதியில் நடந்து 2000 ஆம் ஆண்டு வெளியான ஆய்வில், அவ்வாறு இடம்பெயர்த்த மீன்களில் ஒரு பகுதியே பிடிபட்ட இடத்துக்குத் திரும்பியது. எனவே நீர்த்தொட்டியில் காற்றூட்டல், நீரைக் குளிர்வித்தல், மீன்களைப் பரவலாக விடுதல் ஆகியவை பரிந்துரைக்கப்படுகின்றன. மேரிலாந்து இயற்கை வளத் துறை தன் பொரிப்பகத்தில் வளர்த்த பாஸ் குஞ்சுகளையும் ஓத ஆறுகளில் விடுகிறது. ஆயினும் செடிப் படுகையும் தெளிந்த நீரும் இல்லாத இடத்தில் விடப்படும் குஞ்சுகள் நிலைப்பதில்லை.

எச்சரிக்கைகள்

லிட்டில் பால்ஸ் பகுதியின் நீர்ச்சுழிகள் உயிரிழப்புகளுக்குப் பெயர் பெற்றவை. ஓத ஆற்றின் அகன்ற பகுதியில், காற்றும் ஓதமும் எதிரெதிராக வரும்போது குறுகிய, செங்குத்தான அலைகள் எழுந்து சிறு படகுகளைக் கவிழ்க்கக்கூடும். வற்றும் நேரம் அறியாமல் ஓடைக்குள் சென்றவர், அடுத்த ஏற்றம் வரை பல மணி நேரம் சேற்றில் காத்திருக்க நேரும். ஆற்று மண்ணில் பல்குளோரோ இருபீனைல் என்னும் நச்சு வேதிப்பொருள் படிந்துள்ளதால், இங்குப் பிடித்த மீன்களை உண்ணும் அளவு குறித்து மூன்று ஆட்சிப்பகுதிகளும் அறிவுரைகள் வெளியிட்டுள்ளன. தலைநகரின் பழைய பகுதிகளில் மழைநீரும் கழிவுநீரும் ஒரே குழாயில் செல்வதால், பெருமழையின் பின் ஆற்றுநீரைத் தொடுவதைத் தவிர்ப்பது நல்லது.

இவற்றையும் பார்க்க

- ஓதம்
- கழிமுகம்
- செசபீக் விரிகுடா
- ஹைட்ரில்லா
- விரால்
- கொடுவா